நாமினி பெயரில் நின்ற சண்டை: ஒரு குடும்பத்தின் ஆயுள் காப்பீட்டு விவாதம்

கணவருக்கு வயது 36, மனைவிக்கு 34. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவளுக்கு 7, இளையவனுக்கு 3. கணவரின் அம்மாவும் இவர்களோடுதான் இருக்கிறார், அவருக்கு 64. சம்பாதிப்பவர் ஒருவர். இளையவன் பிறந்தபோது மனைவி வேலையை விட்டார். அவன் பள்ளிக்குப் பழகியதும் திரும்பப் போகும் எண்ணம் இருக்கிறது.

என்னிடம் வந்தபோது எட்டு மாதமாக ஆயுள் காப்பீடு எடுப்பதா வேண்டாமா என்பதே வீட்டில் பேச்சு. நடுவில் இரண்டு மாதம் அந்தப் பேச்சையே நிறுத்தியிருந்தார்கள். ஒப்புக்கொண்டதால் அல்ல, அலுத்துப்போனதால்.

தொடங்கும் முன் ஒரு விளக்கம். ஆலோசனைக்கு வந்த சில குடும்பங்களின் விவரங்களைக் கலந்து, யார் என்று அடையாளம் தெரியாதபடி அமைத்த நிகழ்வு இது. தொகைகளை எந்த நாணயத்திலும் சொல்லவில்லை. கணவரின் ஆண்டு வருமானத்தை 100 என்று வைத்து, மற்றவற்றையும் அதே அளவில் எழுதியிருக்கிறேன். வாசிப்பவர்கள் அந்த 100 இருக்கும் இடத்தில் தங்கள் வருமானத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நான் பாலிசி விற்பவன் அல்ல. ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குபவன். இந்தத் தொழிலில் அதைச் சொல்லாமல் பேச ஆரம்பித்தால் யாரும் காது கொடுப்பதில்லை.

நான்கு பேர், நான்கு நிலை

மனைவி கேட்டது டேர்ம் பாலிசி, அதாவது குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது. காப்புத் தொகை 1000, அதாவது பத்து ஆண்டு வருமானம். அவரோடு முன்பு வேலை பார்த்த ஒருவரின் கணவர் திடீரென்று இறந்து, ஐந்தே மாதத்தில் கடன் தவணை கட்ட முடியாமல் வீட்டை விற்க வேண்டிவந்தது. அதை அருகிலிருந்து பார்த்தவர்.

கணவரின் பதில் எப்போதும் ஒன்றுதான். “இருபத்து நாலு வருஷம் கட்டி, எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா ஒரு காசு திரும்பி வராது. அதை நானே சேர்த்து வைச்சா என்ன?”

அண்ணன் ஒருவர் உண்டு, தனிக்குடித்தனம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எண்டோமென்ட் பாலிசி எடுத்தவர். “எடுக்கிறதுன்னா பணம் திரும்பி வர்ற பாலிசியா எடு” என்பது அவர் கட்சி.

அம்மாவோ, இந்தப் பேச்சு எழுந்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார். “வீட்ல நல்ல வார்த்தை பேசுங்க.”

கணவரின் கணக்கு தப்பா?

முதல் சந்திப்பிலேயே கணவரிடம் சொன்னேன்: உங்கள் கணக்கு சரி. அவர் எதிர்பார்க்கவில்லை, மனைவியும் எதிர்பார்க்கவில்லை.

காப்பீட்டு நிறுவனம் தர்மத்துக்கு நடப்பதில்லை. வசூலிக்கும் பிரீமியமும் அதன் வட்டியும் சேர்ந்து, கொடுக்கும் க்ளெய்மைவிட அதிகமாக இருந்தால்தான் அலுவலக வாடகையும் கமிஷனும் லாபமும் வரும். ஆகவே சராசரியாகப் பார்த்தால் பாலிசி எடுப்பவர் நஷ்டப்படத்தான் செய்வார். கணவரின் உள்ளுணர்வு பிடித்தது இதைத்தான். அப்படியானால் ஏன் எடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு 1738இல் டேனியல் பெர்னூலி என்ற கணித மேதை எழுதிய பதிலை இன்றுவரை யாரும் பெரிதாக மிஞ்சவில்லை என்பது என் எண்ணம். அவர் சொன்ன உதாரணம் கப்பல் சரக்கு. பீட்டர்ஸ்பர்க் வணிகர் ஒருவர் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்குகிறார்; ஊர் வந்து சேர்ந்தால் 10,000 ரூபிளுக்கு விற்கும். அந்தப் பருவத்தில் 100 கப்பலில் 5 மூழ்கிவிடும். நியாயமான காப்பீட்டு விலை 500 ரூபிள்தான். ஆனால் 800க்குக் குறைந்து யாரும் தரத் தயாராக இல்லை. 300 ரூபிள் அதிகம் கொடுத்து வாங்குவது முட்டாள்தனமா? அது அவரிடம் வேறு என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார் பெர்னூலி. சரக்கைத் தவிர 5,043 ரூபிளுக்கு மேல் சொத்து இருந்தால் காப்பீடு வேண்டாம். அதற்குக் குறைவு என்றால், அதிக விலை கொடுத்தாவது எடுப்பதே புத்திசாலித்தனம். ஏனென்றால் இல்லாதவனிடமிருந்து போகும் 10,000மும் இருப்பவனிடமிருந்து போகும் 10,000மும் ஒன்றல்ல.

இந்தக் குடும்பத்தை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தோம். சேமிப்பு 70. ஒரு வீடு, அதன் மேல் 240 கடன், இன்னும் 17 ஆண்டு தவணை. நம் கப்பல் கணவரின் சம்பளம். அது மூழ்கினால் பிடித்துக்கொள்ள வேறு கட்டை இல்லை.

“நானே சேர்த்து வைக்கிறேன்” என்பதையும் விடாமல் போட்டுப் பார்த்தோம். டேர்ம் பாலிசிக்கு அவர் வயதில் கேட்ட பிரீமியம் ஆண்டுக்கு சுமார் 2. அந்த 2ஐ 6 சதவீத வட்டியில் ஆண்டுதோறும் போட்டுவந்தால் 24 ஆண்டு முடிவில் 108 ஆகும். நல்ல தொகைதான். ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் 7கூட இருக்காது. அந்த மூன்றாம் ஆண்டுக்குத்தான் மனைவி பயப்படுகிறார், கணவரோ இருபத்து நாலாம் ஆண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எட்டு மாதமும் இரண்டு பேரும் வேறு வேறு வருடத்தில் நின்றுகொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள்.

பெர்னூலியின் கணக்கு கணவருக்கும் ஓரிடத்தில் கை கொடுத்தது. மனைவிக்கு முதலில் கொடுக்கப்பட்ட திட்டம் கணவரின் 75 வயது வரை காப்பு தருவது. அது எதற்கு என்று கேட்டேன். 60 வயதில் கடன் முடிந்திருக்கும், பிள்ளைகள் சம்பாதிப்பார்கள், சேமிப்பும் ஏறியிருக்கும். அதாவது அந்த 5,043 ரூபிள் கையில் வந்திருக்கும். அதற்கு மேலும் பிரீமியம் கட்டுவது கணவர் சொன்ன வீண் செலவேதான். மனைவி 60 வயதோடு நிறுத்த ஒப்புக்கொண்டார்.

1000 எங்கிருந்து வந்தது?

“பத்து மடங்கு எடுங்கள்” என்ற பொது விதி எனக்குப் பிடிக்காது. ஒண்டியாக இருப்பவருக்கு அது அதிகம், மூன்று சின்னப் பிள்ளைகள் உள்ளவருக்குப் போதாது. ஆகவே காகிதத்தில் எழுதினோம்.

வீட்டுச் செலவு ஆண்டுக்கு 78. இதில் கடன் தவணை 24. கணவரின் சொந்தச் செலவு 12 (இதை எழுதும்போது எல்லோர் குரலும் தாழ்ந்தது). கடனை மொத்தமாக அடைத்துவிட்டால் மிச்சக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 42 வேண்டும். மனைவி இரண்டு ஆண்டு கழித்து வேலைக்குப் போய் 20 சம்பாதிப்பார் என்று வைத்தோம். இளையவனுக்கு 22 வயது ஆக 19 ஆண்டு. முதல் இரண்டு ஆண்டுக்கு 84, பிறகு 17 ஆண்டுக்கு ஆண்டுக்கு 22 வீதம் 374. வட்டி வருமானமும் விலைவாசி ஏற்றமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று எடுத்துக்கொண்டோம். கொஞ்சம் எச்சரிக்கையான கணக்கு, பரவாயில்லை. அடைக்க வேண்டிய கடன் 240, படிப்புக்கு 120. கூட்டினால் 818. சேமிப்பு 70ஐக் கழித்தால் 748.

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப 1000 அதிகம்தானே?”

மனைவி கேட்டார்: “பையனுக்கு 22 ஆகும்போது எனக்கு 53. அப்புறம் எனக்கு?”

அந்த வரியை நானும் எழுத மறந்திருந்தேன். அவருடைய முதுமைக்கு 250 சேர்த்தோம். இதற்குக் கச்சிதமான கணக்கு ஒன்றும் கிடையாது, பேசி வந்த எண். மொத்தம் 998.

கணவரின் அலுவலகத்தில் குழுக் காப்பீடாக 200 இருக்கிறது. அதைக் கழிக்கவில்லை. வேலை மாறினால் அது கூட வராது. வேலை போகும் காலத்தில்தான் உடம்பும் கெட்டுத் தொலைக்கிறது என்பது என் அனுபவம்.

அண்ணனின் பாலிசி

அண்ணன் ஒரு சந்திப்புக்கு வந்தார். அவர் எண்களையும் இதே அளவுகோலில் சொன்னால்: ஆண்டுக்கு 8 வீதம் 20 ஆண்டு, கட்டுவது 160, முதிர்வில் வரப்போவது சுமார் 262, இடையில் இறந்தால் காப்பு 160. “நூத்தி அறுபது கட்டினா இருநூத்தி அறுபது. இதைவிட என்ன வேணும்?”

ஆண்டு வட்டியாக மாற்றினால் அது 4.5 சதவீதம். தம்பி கட்டும் வீட்டுக் கடனுக்கே வட்டி ஏறத்தாழ 6.7. அந்த 8ஐக் கடனில் கூடுதலாகக் கட்டினாலே அதிக லாபம், அதுவும் எந்த ஆபத்தும் இல்லாமல். காப்போ 160; தம்பி குடும்பத்துக்கு வேண்டியதில் ஆறில் ஒரு பங்கு. இதைச் சொன்னதும் அண்ணனின் முகம் மாறிவிட்டது. பன்னிரண்டு ஆண்டு விடாமல் கட்டியவரிடம் பலர் முன்னிலையில் சொன்னது என் தவறு, தனியே சொல்லியிருக்க வேண்டும்.

“அப்ப நாளைக்கே சரண்டர் பண்ணிடறேன்” என்று கோபமாகச் சொன்னார். அது அதைவிடப் பெரிய தப்பாகியிருக்கும். சரண்டர் மதிப்பு, அதாவது பாதியில் நிறுத்தினால் கைக்கு வரும் தொகை, இப்போது 90. போன பணத்தை மறந்துவிட்டு இனி வருவதை மட்டும் பார்த்தால்: இன்று 90ஐ எடுக்காமல் விட்டு, இன்னும் எட்டு முறை 8 கட்டினால், எட்டாம் ஆண்டு 262 வருகிறது. இது ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேல். தொடங்கும்போது மோசமான பாலிசி, பாதிக்கு மேல் வந்தபின் தொடரத் தகுந்த பாலிசி. எண்டோமென்ட் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் ஆரம்ப ஆண்டுகளில் வெளியேறுபவர்தான் அதிகம் இழக்கிறார்.

ஒரு காலத்தில் வெளியேறுபவர் முழுவதையுமே இழந்தார். எலிசர் ரைட் என்ற அமெரிக்கர் 1844இல் லண்டன் போனபோது, பிரீமியம் கட்ட முடியாத முதியவர்களின் பாலிசிகள் ஏலம் போவதைப் பார்த்தார். ஏலம் எடுத்தவர் மிச்சப் பிரீமியத்தைக் கட்டிக்கொண்டு, அந்தக் கிழவர் எப்போது சாவார் என்று காத்திருப்பார். ரைட் அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்டவர். அந்தக் காட்சி அவருக்கு அடிமைச் சந்தையை நினைவூட்டியதாம். ஊர் திரும்பி விடாமல் போராடி, 1861இல் மாசசூசெட்ஸில் சட்டம் கொண்டுவர வைத்தார்: பாதியில் நின்றாலும் கட்டியதற்குரிய மதிப்பை நிறுவனம் முழுதாக விழுங்க முடியாது.

அம்மா ஏன் எழுந்து போனார்?

படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஆயுள் காப்பீட்டைக் கடுமையாக எதிர்த்தவர்களில் மனைவிமார்கள் பலர். கணவன் உயிருக்கு விலை பேசுவதா, அந்தக் காசில் சாப்பிடுவதா என்பதே எதிர்ப்பு. அதற்கு முந்தைய நூற்றாண்டில் இங்கிலாந்தில் சம்பந்தமே இல்லாத பிரபலங்களின் உயிர் மேல் பாலிசி எடுத்து, சாவை வைத்துச் சூதாடினார்கள். 1774இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள்: யாருடைய உயிரால் உங்களுக்கு நியாயமான நலன் உண்டோ, அவர் மேல் மட்டுமே எடுக்கலாம். அம்மாவின் அருவருப்புக்கு நீண்ட வம்சாவளி உண்டு.

ஆனால் அவர் கதை வேறு. தன் கணவர் இறந்தபோது அவர் அலுவலகத்திலிருந்து ஒரு தொகை வந்தது. அது வந்த வாரமே சொந்தக்காரர்களின் கடன் கணக்குகளும் வந்தன. “அவர் போனதுக்கு அழுதவங்களை விட, அந்தக் காசுக்கு வந்தவங்கதான் ஜாஸ்தி” என்றார். அவர் சாவுப் பேச்சுக்குப் பயப்படவில்லை, அதன் பின்னால் வரும் பணத்துக்குத்தான் பயந்தார்.

நாமினி

மூன்றாம் சந்திப்புக்கு எல்லாக் காகிதங்களையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கணவர் 25 வயதில், கல்யாணத்துக்கு முன், ஒரு சின்ன பாலிசி எடுத்திருந்தார், காப்பு 40. நாமினி, அதாவது அவர் இறந்தால் பணத்தை வாங்க நியமிக்கப்பட்டவர்: அம்மா. அலுவலகக் குழுக் காப்பீடு 200. அதிலும் நாமினி: அம்மா.

கணவர் உண்மையாகவே திகைத்தார். “ஞாபகமே இல்லை.”

மனைவி திகைக்கவில்லை. “வீட்டுக் கடன் வாங்கும்போது ஃபைல்ல பார்த்தேன். கேட்கலை.” கடன் வாங்கி மூன்று ஆண்டு ஆகிறது.

காப்பீட்டுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்ற விவாதம் மனைவியைப் பொறுத்தவரை, இந்த வீட்டில் என் பெயர் எங்கே இருக்கிறது என்ற கேள்வியாக இருந்திருக்கிறது. கணவர் “வீண் செலவு” என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் காதில் விழுந்தது வேறு ஏதோ. நான் பார்த்தவரை காப்பீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் இப்படித்தான். பிரீமியம் கட்டுபவர் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை. பார்க்கப்போகிறவர் அதைக் கேட்கக் கூசுகிறார்.

மறதி என்பது சின்ன விஷயமும் அல்ல. அமெரிக்காவில் விவாகரத்து ஆகி இரண்டே மாதத்தில் விபத்தில் இறந்த ஒருவரின் அலுவலகக் காப்பீட்டில் முன்னாள் மனைவியின் பெயரே நின்றிருந்தது. முதல் மனைவி வழிப் பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். விவாகரத்தோடு அந்தப் பெயர் தானே ரத்தாகும் என்று அவர் மாநிலச் சட்டம் சொன்னது. ஆனால் அலுவலகத் திட்டங்களுக்கான மத்தியச் சட்டமே மேலானது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் முன்னாள் மனைவி பக்கம் தீர்ப்பளித்தது. நாமினிக்கு எவ்வளவு உரிமை என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் பணம் முழுக்க அவருடையது, சில இடங்களில் வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருக்கும் கைதான் அவர். எப்படியானாலும் காகிதத்தில் இருக்கும் பெயரோடுதான் பேச்சு தொடங்கும்.

பெயரை மாற்றுவது என்றதும் அம்மாவின் முகம் வாடியது. “என் பேரை எடுக்கப் போறியா?” பணத்தையே வேண்டாம் என்றவர்தான். பெயர் போவது வேறு விஷயம்.

கடைசியில் பழைய பாலிசியின் 40 அம்மா பெயரிலேயே நின்றது, அவர் மருத்துவச் செலவுக்கு என்று. அதனால்தான் மேலே 998இல் அம்மாவுக்கென்று தனி வரி இல்லை. குழுக் காப்பீடும் புதிய பாலிசியும் மனைவி பெயரில்.

திரும்பி வராத படிவம்

சரி, முடிந்தது என்று நினைத்தேன். படிவம் மூன்று வாரமாகியும் போகவில்லை. ஒரு நாள் கணவர் மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டார். “அந்த ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு சார்.”

ஒரு நாளைக்கு மூன்று சிகரெட். அம்மாவுக்குத் தெரியாது. மனைவியோ, மூத்தவள் பிறந்தபோதே விட்டுவிட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். சிறுநீர்ப் பரிசோதனையில் கோட்டினின் என்ற பொருளை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எங்கோ படித்திருக்கிறார். நிகோடின் உடம்பில் சிதைந்து உண்டாவது அது. கடைசி சிகரெட்டுக்குப் பிறகும் சில நாள் தங்கும். எட்டு மாதம் அவர் பேசிய சராசரிக் கணக்கு பொய்யல்ல. ஆனால் அதன் அடியில் இதுவும் கிடந்தது.

“இல்லை என்று டிக் அடித்தால் என்ன?” என்று கேட்டார். பல நாடுகளில் முதல் 2 அல்லது 3 ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்தால் நிறுவனம் விண்ணப்பத்தை வரிக்கு வரி துருவும். மறைத்தது தெரிந்தால் க்ளெய்மை மறுக்கலாம். மனைவி பயந்த அந்த மூன்றாம் ஆண்டுதான் இதுவும். பொய் எழுதிய படிவத்துக்கு நான் உதவ மாட்டேன் என்றும், மனைவியிடம் அவரேதான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன்.

சொன்னார். நான்கு நாள் வீட்டில் பேச்சில்லை. ஐந்தாம் நாள் மனைவி எனக்கு அனுப்பிய செய்தியில் ஒரே வரி: “பிரீமியம் எவ்வளவு கூடும்?”

2 இருந்தது 3.2 ஆனது. ஓராண்டு தொடாமல் இருந்து பரிசோதனையில் தேறினால் அந்த நிறுவனம் குறைக்கும்.

நடுவில் கணவர் இன்னொரு யோசனையும் கொண்டுவந்தார்: கட்டிய பிரீமியத்தைக் கடைசியில் திருப்பித் தரும் டேர்ம் பாலிசி. வழக்கமாக இதை நான் உடனே தள்ளிவிடுவேன். இந்த முறை கணக்குப் போட்டேன். சிகரெட் இல்லாதவருக்கான விலையில் 2க்குப் பதில் 4. 24 ஆண்டு முடிவில் 96 திரும்ப வரும். கூடுதலாகக் கட்டும் 2க்கு ஆண்டு வட்டி 5 சதவீதத்துக்குச் சற்று மேல். நான் நினைத்திருந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் 6.7 சதவீதக் கடன் தலைக்கு மேல் இருக்கும்போது 5க்குப் போடுவானேன் என்று அவரே விட்டுவிட்டார்.

மனைவியின் உயிருக்கும் 200 காப்பு எடுக்கச் சொன்னேன். சம்பாதிக்காதவருக்கு எதற்கு என்று அண்ணன் கேட்டார். அவர் இல்லாவிட்டால் பிள்ளைகளையும் அம்மாவையும் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் ஆண்டுக்கு என்ன ஆகும் என்று கணவரையே எழுதச் சொன்னோம். 16 என்று எழுதினார். பத்து ஆண்டுக்கு 160. அதற்கு மேல் விவாதம் இல்லை.

பதினான்கு மாதம் கழித்து

இரண்டு பாலிசியும் நடப்பில் இருக்கின்றன. கணவர் பதினோரு மாதம் சிகரெட்டைத் தொடவில்லை. பிறகு ஒரு வேலைப் பயணத்தில் தொட்டுவிட்டார். மனைவியிடம் அன்றே சொல்லிவிட்டாராம். பன்னிரண்டு மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. 3.2ஐக் கட்டும் நாளில் இன்னும் முணுமுணுக்கிறார்.

அண்ணன் தன் பாலிசியைத் தொடர்கிறார். அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசுவதில்லை.

அம்மா ஒரு நாள் மருமகளைக் கூப்பிட்டு, அந்தக் காகிதங்கள் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கேட்டு, திறந்து பார்த்துவிட்டு மூடினாராம்.